மானத்துக்கண்ணி ஓடையும் நல்ல தண்ணீர்த் தொட்டியும்

புதிதாக இந்தக் கொசு ஒழிப்பு வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மை யாருக்கும் பிடிக்காது. கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவருக்குக்கூட ஒரு டம்ளர் மோர் கிடைக்கும். நாம் டார்ச்சும் நீள்பிடிக் கரண்டியுமாக வாசலில் நின்றால், "எங்க ஊட்டுல எல்லாம் சுத்தமா இருக்குதுங்க, பக்கத்து ஊட்டுல போய்ப் பாருங்க" என்பார்கள். பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள். இதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் இந்த வேலையில் குப்பை கொட்ட முடியாது.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோயம்புத்தூர், கிணத்துக்கடவு, அந்தப் பக்கம் அன்னூர், மேலே வால்பாறை என்று என் செருப்பு தேயாத ஊர் குறைவு. புகை அடிப்பது எப்படி, மருந்து கலப்பது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதற்குள் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. விரல் நீளத்தில் ஒரு மீன் இருக்கிறது. அந்த மீனை முன்னிட்டு ஓர் அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். நாற்பது பக்கச் சுற்றறிக்கையில் இல்லாத சங்கதி அதில் இருக்கிறது.

அந்த அதிகாரி எங்கள் பூச்சியியல் பிரிவுக்குத் தலைவராக வந்தவர். வயதில் என்னைவிட மிகவும் சின்னவர். நாங்கள் மேடம் என்போம். ஊர்களில் டாக்டரம்மா. "நான் டாக்டர் இல்லைங்க, பூச்சிகளைப் பத்திப் படிச்சவ" என்று கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தார். ஒருத்தரும் கேட்கவில்லை, அவரும் விட்டுவிட்டார்.

அவர் வந்த புதிதில் ஆனைமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் ஓடையைப் பார்க்கப் போனோம். வால்பாறை மலையில் இருந்து இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நெளிந்து போகிற சின்ன ஓடை. பெருமழை நாளைத் தவிர முழங்கால் தண்ணீர்தான். நடுவில் கூழாங்கல் மேல் சலசலவென்று ஓடும். கரையோரம் அப்படியில்லை. தாழம்புதரும் புங்கமரமும் குனிந்து நிழல் கட்டியிருக்கும், வேர்கள் தண்ணீருக்குள் சடைசடையாகத் தொங்கும், அங்கே தண்ணீர் நகர்கிறதா இல்லையா என்றே தெரியாது. கொசு முட்டையிட இதைவிட நல்ல இடம் உண்டா என்று நினைத்துக்கொண்டு நான் கரண்டியால் மொண்டு மொண்டு பார்த்தேன். ஒரு புழு இல்லை.

"கரண்டியில ஓட்டை கீட்டை இருக்குதா பாக்கோணுமுங்க மேடம்" என்றேன்.

அவர் சிரித்தார். "கரண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க நிழல் தண்ணியில விழுகுது பாருங்க. இந்தப் பக்கம் வந்து சித்த நேரம் சும்மா நில்லுங்க, பேசாம."

சும்மா நிற்பது எனக்கு ஆகாத வேலை. ஆனாலும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வேர்களுக்கு இடையே, தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டி, ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் பார்த்தால் கரை நெடுக வெள்ளைப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் ஒரு மீனின் உச்சந்தலையில் இருந்தது. தட்டையான முதுகு, மேல்நோக்கிய வாய், பெரிய கண். பக்கவாட்டில் பச்சையும் பொன்னுமாகப் புள்ளிகள் வரிசை கட்டி மின்னின. புங்கமரத்தில் இருந்து ஓர் எறும்பு விழுந்தது. விழுந்ததைத்தான் நான் பார்த்தேன். தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது, எறும்பு இல்லை.

"மலையாளத்துப் பக்கம் இதை மானத்துக்கண்ணிம்பாங்க" என்றார் மேடம். மானம் என்றால் வானம். எந்நேரமும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்குப் பொருத்தமான பேர்தான். நம் ஊர் சனங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. குழம்புக்கும் ஆகாது, விற்கவும் ஆகாது. ஆனால் தண்ணீரின் மேல்தோலில் அசைகிற எதையும் அது விடாது. கொசுப்புழு மூச்சு வாங்க மேலே வந்துதானே ஆக வேண்டும். வந்ததும் கதை முடிந்தது. தாழ்வாகப் பறக்கிற ஈயை அது எகிறிப் பிடிப்பதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

முட்டையை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிற மீனும் இல்லை இது. தண்ணீரில் தொங்கும் வேரிலும் பாசியிலும் ஒவ்வொன்றாக ஒட்டவைத்துவிட்டுப் போகும். கரைப் புதரை வழித்துவிட்டால் அதற்கு வீடும் இல்லை, வம்சமும் இல்லை. எனக்கு அன்றைக்கு அந்த மீன் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. சம்பளம் இல்லை, பயணப்படி இல்லை, ஒருத்தர் மெச்சவும் இல்லை. நாம் வருவதற்கு முன்பிருந்தே நம் வேலையை அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து கம்பூசியா. இதுவும் கொசுப்புழு தின்கிற மீன்தான், ஆனால் வெளிநாட்டில் இருந்து வந்தது. பாழுங்கிணற்றிலும் கட்டடத் தொட்டியிலும் நாமே விடுகிறோம். அன்னூர்ப் பக்கம் எத்தனையோ கிணறுகளில் என் கையாலேயே விட்டிருக்கிறேன், நன்றாகத்தான் வேலை செய்தது. கிணற்றுக்கு நான்கு பக்கமும் சுவர். ஓடைக்கு அது கிடையாது. கம்பூசியா முட்டையிடாது, குட்டி போடும், போட்டுக்கொண்டே இருக்கும். மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், பெரிய மீனாக இருந்தால் வாலைக் கடித்துக் குதறும். ஓடையில் விட்டபிறகு ஐயோ தப்பாகிவிட்டதே என்று திரும்பப் பிடிக்கவும் முடியாது. ஊற்றினால் ஊற்றியதுதான்.

சில வருடங்கள் கழித்து, ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, அதே ஊரில் காய்ச்சல் வந்தது. டெங்கு. வீட்டுக்கு வீடு ஒருவர் படுத்தார்கள். வேலுச்சாமி என்று ஒருவர், தென்னைநார் களம் வைத்திருப்பவர், அவருடைய மகளைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குழந்தைக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. ஊர் கொதித்துப் போய்விட்டது. கோபத்துக்கு ஒரு முகவரி வேண்டுமே. ஓடைதான் கிடைத்தது. புதர் மண்டிக் கிடக்கிறது, கொசு அங்கிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

டெங்குக் கொசு ஓடைக்குப் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு வீட்டுக்குள் இருக்கிற தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். நம் பக்கத்துச் சங்கடம் அங்கேதான் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் உப்பு. குழாயில் வருகிற குடிதண்ணீர்தான் நல்ல தண்ணீர், அது எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். சனங்கள் அதைச் சிமெண்டுத் தொட்டியிலும் அண்டாவிலும் பிடித்துவைத்து நெய் மாதிரி செலவு செய்வார்கள். தொட்டியைக் காலி செய்து கழுவுங்கள் என்று நாம் சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்? உப்புத் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியின் அடியை யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தகவல் வந்தது. ஊர்ப் பிரமுகர் ஒருவர் எங்கேயோ சொல்லிவைத்து, டிரம் டிரம்மாகக் கம்பூசியா மீனை வேனில் வரவழைத்திருக்கிறார். பதினோரு மணிக்கு ஓடைப் பாலத்தில் வைத்து ஊற்றப் போகிறார்கள், போட்டோ எடுக்க ஆட்கள் வருகிறார்கள், மறுநாள் கரைப் புதரை வழிக்க ஜேசிபி வருகிறது. நான் மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, கட்டியிருந்த வெள்ளைப் பட்டுச் சேலையோடு நேராக ஜீப்பில் ஏறிவிட்டார்.

போகிற வழியில் நான் புலம்பிக்கொண்டே வந்தேன். ஓடை போச்சு, மீன் போச்சு என்றேன்.

"அது மட்டுமில்லைங்க" என்றார் மேடம். "அந்த டிரம்மை ஊத்திட்டாங்கன்னு வைங்க, எல்லாரும் கைதட்டிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு ஊட்டுக்குப் போயிருவாங்க. தொட்டியை ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அடுத்த வாரம் இன்னும் நாலு குழந்தைங்க படுக்கும். இன்னிக்கே இவங்களைத் தொட்டிப் பக்கம் திருப்பியாகோணும்."

ஊருக்குள் போனதும் பாலத்துக்குப் போகாமல் வேலுச்சாமி வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். வேலுச்சாமி பாலத்தில் இருந்தார். அவர் மனைவி கோகிலா மட்டும் இருந்தார். ஆஸ்பத்திரியில் மாமியாரை உட்காரவைத்துவிட்டு, குழந்தைக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவர். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"பாப்பா எப்படி இருக்குதுங்க அம்மணி?"

"இன்னிக்குத் தாண்டுச்சுன்னாப் பொழைச்சுக்கும்னு சொல்றாங்க."

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு, "தொட்டியை ஒருக்கா பாத்துக்கறேனுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லக்கூட அந்தப் பெண்ணுக்குத் தெம்பு இல்லை. தானே போய் மேலே அரைகுறையாக மூடியிருந்த தகரத்தை நகர்த்தினார். நான் டார்ச் அடித்தேன். நல்ல தண்ணீர், கண்ணாடியாகத் தெளிந்து இருந்தது. அதற்குள் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்துபோயின. கோகிலாவும் பார்த்தார். வழக்கம்போல நான் கொஞ்சம் மொண்டு பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். அதற்குள், டிரம்மை இறக்கப் போகிறார்கள் என்று பாலத்தில் நின்ற எங்கள் ஆள் ஒருவர் போன் செய்துவிட்டார்.

"தண்ணியைக் கொட்டிப்போடாதீங்க, வீணாக்க வேண்டாம். நான் திரும்பி வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் புறப்பட்டார்.

பாலத்தில் ஊரே நின்றது. வேனில் நீல டிரம்கள். பிரமுகர் தும்பைப் பூவாட்டம் வேட்டி சட்டையில் இருந்தார். மேடம் இறங்கி, இந்த மீனை ஓடையில் விடக் கூடாது, டெங்குக் கொசு ஓடையில் இல்லை என்று ஆரம்பித்ததும் வேலுச்சாமி முன்னால் வந்தார்.

"எம்புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குதுங்க. நீங்க ஓடை மீனுக்கு வக்காலத்து வாங்கறீங்களா? உங்க புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் கையை ஓங்கியிருப்பேன்.

நான் மேடத்தின் காதில், "ஒரு வெள்ளைத் தட்டுல நம்ம ஓடை மீன் ரெண்டைப் பிடிச்சுப் போட்டு, புழுவைப் போட்டுக் காட்டிரலாமுங்க" என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்டதாக எனக்குள் நினைப்பு.

"வலையில பிடிச்ச மீன் பயத்துல அடியில போய் உக்காந்துக்கும். ரொம்ப நேரத்துக்கு வாயே திறக்காது. எல்லாரும் சிரிப்பாங்க, அதோட போச்சு" என்றார். அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் அவர் மீனின் பயத்தை யோசித்தார் பாருங்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஊத்தறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை கரைக்கு எறங்கி வந்து பாருங்க. பாத்துட்டு நீங்க என்ன சொல்றீங்களோ சொல்லுங்க" என்றார். வேலுச்சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் முறைத்துக்கொண்டே இறங்கினார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்தார்கள், கோகிலாவும் எப்போது வந்தாரோ, துணிப்பையோடு ஓரமாக நின்றார். நிழல் தண்ணீரில் விழாதபடி எல்லாரையும் குந்தவைத்தார் மேடம். தானும் பட்டுச் சேலையோடு சேற்றில் குந்தினார்.

மீன் வரவில்லை. இத்தனை பேர் திமுதிமுவென்று இறங்கினால் எப்படி வரும்? மேலே பிரமுகர் சத்தமாகப் போன் பேசிக்கொண்டிருந்தார். வேன் ஓட்டுநர் டிரம்மின் கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. மேடம் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. நம் வேலையில் ஏதாவது செய்வதுதான் தைரியம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அத்தனை பேர் கோபத்துக்கு நடுவில் ஒன்றும் செய்யாமல் குந்தியிருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் தாழை வேருக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. பின்னாலேயே இன்னும் சில. மேடம் மெதுவாகக் கையை நீட்டி, என்னிடம் இருந்த பாட்டிலை வாங்கிச் சாய்த்தார். புழுக்கள் தண்ணீரில் விழுந்து நெளிந்தன. அவ்வளவுதான். படக் படக்கென்று வட்டம் வட்டமாகத் தண்ணீர் அதிர்ந்தது. கண்ணை இமைத்துப் பார்த்தால் ஒரு புழு இல்லை.

"அட, நம்ம ஓடையிலயே இருக்குதுங்களா இது?" என்றார் ஒரு பெரியவர். "இத்தன நாளாப் பாத்ததே இல்லியே."

"இது இருக்கற தண்ணியில கொசு தங்காதுங்க. இது இல்லாத தண்ணி உங்க ஊட்டுக்குள்ள இருக்குது. அதைத்தான் நாம பாக்கோணும்" என்றார் மேடம். கூட்டம் கொஞ்சம் இளகியது. ஜெயித்துவிட்டோம் என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் பிரமுகர் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து, "அது இருக்கட்டுமுங்க. அந்தப் புழு எந்த ஊட்டுல புடிச்சது? பேரைச் சொல்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று கேட்டார்.

சொல்லுங்க, சொல்லுங்க என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. வேலுச்சாமி எழுந்து நின்றுவிட்டார். "எவ ஊட்டுல இருந்துச்சு? எம்புள்ள உசுருக்கு உலை வெச்சவ யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்."

உண்மையைச் சொன்னால் அந்த நொடியே வாதம் முடிந்துவிடும். டிரம் திரும்பிப் போகும், ஊர் முழுக்கத் தொட்டி கழுவும். ஆனால் அந்தப் பெண்? குழந்தை பிழைக்குமா என்றே தெரியாத நாளில், ஊர் நடுவே, கட்டினவன் முன்னால் அந்தப் பழியைத் தலையில் வைத்தால் அவள் எப்படித் தாங்குவாள்? மேடம் கோகிலா நின்ற பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எங்க ஆபீசுத் தொட்டியில இருந்து கொண்டு வந்தேனுங்க" என்றார்.

பாலமே சிரித்தது. "கொசு ஒழிக்கற ஆபீசுலயே கொசு வளக்கறாங்கப்பா" என்று யாரோ சொல்ல, போட்டோக்காரர்கள் மேடத்தின் முகத்தைப் படம் எடுத்தார்கள். பிரமுகருக்குப் பரம சந்தோஷம். "ஆபீசு லட்சணம் இது, இவங்க நமக்குப் புத்தி சொல்றாங்க. ஊத்துங்கப்பா" என்றார். ஓட்டுநர் ஒரு டிரம்மைக் கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றி, மூடியைத் திறந்தார். மேடம் சேற்றில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரு சொல் மாற்றிச் சொல்லவில்லை.

"அது எங்க ஊட்டுத் தண்ணிங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. கோகிலா துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"காத்தால நாந்தான் தொட்டியைத் தொறந்து காட்டினேன். என்ற கண்ணால பாத்தேன். எட்டு நாளைக்கு ஒருக்கா வார தண்ணியாச்சேன்னு நான்தான் கழுவாம வெச்சிருந்தேன். டாக்டரம்மா எனக்காகப் பொய் சொல்லிப்போட்டாங்க. ஓடை மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

வேலுச்சாமி மனைவியைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் இல்லை. பிறகு மடமடவென்று கரையேறிப் பாலத்துக்குப் போனார். ஓட்டுநர் கையில் இருந்த மூடியை வாங்கி, டிரம் மேல் வைத்து அழுத்தி மூடினார்.

"வண்டியைத் திருப்புங்க" என்றார்.

"ஏனுங்க வேலு, இவ்வளவு ஏற்பாடு பண்ணி..." என்று பிரமுகர் இழுத்தார்.

"திருப்பச் சொல்றனுங்கல்ல."

வேன் திரும்பிப் போயிற்று, மறுநாள் ஜேசிபியும் வரவில்லை. கூட்டத்தில் இருந்து ஒரு பெண் மேடத்திடம் வந்து, "எங்க ஊட்டு அண்டாவையும் ஒருக்கா வந்து பாருங்க டாக்டரம்மா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். என் பணிக்காலத்தில் ஓர் ஊரே எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் புழு இருந்தது. ஒருத்தரும் மறைக்கவில்லை, ஒருத்தரும் கோகிலாவை ஒரு சொல் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், அவரவர் தொட்டியைப் பார்த்துவிட்ட பிறகு?

இங்கேயே இரண்டு விஷயம் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்தக் குழந்தை பிழைத்து வந்தது. இப்போது பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறது. இரண்டாவது, ஆபீசுத் தொட்டி என்று சொன்னதற்காக மேடத்திடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். வீட்டுக்காரம்மா தானே முன்வந்து சொன்னார் என்று அவர் எழுதியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். "எழுதினா அந்தப் பொண்ணு பேரு எத்தனை மேசைக்குப் போகும்னு யோசிச்சீங்களா?" என்று, அப்படி எழுதச் சொன்ன என்னைத்தான் கடிந்துகொண்டார். திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் எழுந்து நின்று கும்பிடலாம் போலிருக்கிறது.

ஆகவே தம்பிகளே, அம்மணிகளே, மைக் கட்டிக்கொண்டு தெருவில் நின்று இன்னார் வீட்டில் புழு இருக்கிறது என்று கத்தாதீர்கள். வீட்டில் கண்டதை வீட்டுக்குள்ளேயே சொல்லுங்கள். தண்ணீரைக் கொட்டு என்று அதிகாரம் பண்ணாமல் கூட நின்று வடிகட்டிக் கொடுங்கள். ஓடை என்று ஒன்று இருந்தால், அதில் எதையும் ஊற்றுவதற்கு முன்னால் நிழல் விழாமல் குந்தி, அங்கே ஏற்கெனவே யார் வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள்.

அன்று சாயங்காலம் கடைசியாக வேலுச்சாமி வீட்டுக்குப் போனோம். சொன்னபடி மேடம் திரும்பி வந்துவிட்டார். நல்ல தண்ணீரை ஒரு பழைய வேட்டியில் வடிகட்டி அண்டாக்களில் நிரப்பினோம், ஒரு குடம்கூட வீணாகவில்லை. காலித் தொட்டியைத் தேய்க்க வேண்டும். கொசு முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் வற்றினாலும் சாகாது. மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வேலுச்சாமி களத்தில் இருந்து தென்னைநார் அள்ளி வந்து மேடத்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மனைவியின் பக்கத்தில் போட்டார். பாலத்தில் இருந்து வந்தது முதல் அவர் கோகிலாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கோகிலாவும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல் ஓரமாக நின்றார்.

வேலுச்சாமி தொட்டிச் சுவரைப் பிடித்தபடி கேட்டார். "டாக்டரம்மா, என்னத்தையும் மறைக்காம சொல்லுங்க. இந்தத் தொட்டிக் கொசுதானுங்களா என்ற புள்ளயக் கடிச்சது?"

மேடம் தேய்ப்பதை நிறுத்தினார். கரையில் சொன்னதுபோல இன்னொரு பொய் வருமோ என்று எனக்குப் பயம். இந்த மனிதர் இதற்கு மேல் ஒரு பொய்யைத் தாங்க மாட்டார்.

"தெரியாதுங்க" என்றார் மேடம். "இன்னிக்கு எத்தனை ஊட்டுல பாத்தோம். எந்தத் தொட்டியில பொறந்த கொசு எந்தக் குழந்தையைக் கடிச்சுதுன்னு இந்த உலகத்துல யாராலயும் சொல்ல முடியாதுங்க. என்னாலயும் முடியாது. சத்தியமா முடியாது."

அது முழு உண்மை. நம் துறையில் எவ்வளவு படித்தவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். கோகிலா அந்தக் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்து அழுதார். காலையில் இருந்து அந்தப் பெண் அழுது நான் பார்க்கவில்லை.

வேலுச்சாமி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "நீங்க மேல வாங்க டாக்டரம்மா, அடியை நான் தேய்ச்சுக்கறேன்" என்று மேடத்துக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டு, தான் உள்ளே இறங்கினார். சுவரைத் தடவிப் பார்த்தார். தலையைத் தூக்காமல் கையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அந்த நாரைக் கொஞ்சம் எடுத்துக் குடு கண்ணு."

கோகிலா எழுந்து போய்க் கொடுத்தார்.